காண்டலும் கருதலும்: வலுவூட்டிய பிறேக்கின் வரலாற்றில் ஒரு நோக்கு

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயக்கத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். நீராவி எஞ்சின் எப்போது தோன்றிற்று, மோட்டார் வண்டி எத்துணை வேகம் பெற்றது, விமானம் எவ்வளவு தூரம் பறந்தது என்பனவே அத்தகைய நூல்களின் பொருளாக அமைகின்றன. ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சிகள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. எனினும் நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவிடத்து வேகத்தை எவரும் விரும்பியிரார். வேகத்தின் எல்லையைப் பிறேக்கே வகுத்தது என்று கூறினும் அது மிகையாகாது.

பிறேக்கின் வளர்ச்சியிலே தெளிவான ஒரு போக்கினைக் காணலாம். வண்டியை நிறுத்தும் வலு படிப்படியாக மனித உடலை விட்டகன்று, காற்றுக்கும் நீர்மத்துக்கும் ஈற்றில் மின்சாரத்துக்கும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் சாரதியின் சிரமம் குறைந்தது. அதே வேளையில் பழுதானது கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்கு நகர்ந்தது. தமிழ் அளவையியல் அறிவு பெறும் வழிகளுள் காண்டல், கருதல், உரை என்பவற்றை முதன்மையாகக் கொள்ளும். அவ்வழக்கிற் கூறுவதாயின், காண்டலால் அறியப்பட்ட பழுது கருதலால் மட்டுமே அறியத்தக்கதாக மாறிய வரலாறே பிறேக்கின் வரலாறாகும். இம்மாற்றத்தை உணராதவிடத்து நேரும் இழப்பு பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

நாலந்தா வழி

இலங்கையின் நடுப்பகுதியிலுள்ள நாலந்தாவினூடாகச் செல்லும் வீதி இவ்வரலாற்றை நோக்குவதற்குத் தக்கதொரு களமாகும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை மாத்தளையைக் கடந்து, நாலந்தா, நாவுல, தம்புள்ளை வழியாக மலைநாட்டிலிருந்து வடக்கிலுள்ள சமவெளிக்கு இறங்குகின்றது. வடக்கும் மலைநாடும் ஒன்றையொன்று சந்திக்கும் இவ்வழியின் தொன்மைக்குப் பல்லவர் கட்டடக்கலையின் சாயலோடு முற்றும் கல்லால் அமைந்த நாலந்தா கெடிகே சான்றாக நிற்கின்றது.

19 ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளைக்கு வந்து, நாலந்தா வழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். தோட்டப் பொருள்களைக் கொண்டுசெல்லும் சுமை மாட்டு வண்டிகளுக்குரியதாயிருந்தது. 1880 இல் புகையிரதம் மாத்தளையை அடைந்தது. ஆயின் அப்பாதை மாத்தளையோடு முடிவுற்றது. அதற்கு வடக்கே இன்றுவரை நீளவில்லை. ஆகவே நாலந்தாவைப் பொறுத்தவரையில் பயணமும், பயணத்திலே நிறுத்துதலும் என்றும் தெருவுக்குரியனவாகவே இருந்துவந்துள்ளன.

மாட்டு வண்டியின் பிறேக்கு மிக எளியது. சக்கரத்தின் விளிம்பிலே மரக்கட்டை ஒன்று அழுத்தப்படும். உராய்வு வண்டியைத் தாமதிக்கச் செய்யும். கட்டை தேய்ந்தாற் கண் காணும். கயிறு நைந்தாற் கை உணரும். வண்டிக்காரனே பழுதறிபவனாகவும் பழுது நீக்குபவனாகவும் இருந்தான். அவன் இழுத்த வலுவுக்கும் சக்கரம் பெற்ற அழுத்தத்துக்குமிடையே மறைவாக எதுவும் இருக்கவில்லை.

இருவகை வெற்றிடம்

பிறேக்குக்குப் புறத்தேயிருந்து வலுவூட்டும் எண்ணம் முதலிற் புகையிரதத்திலேயே பெருவெற்றி பெற்றது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 இல் அமுக்கப்பட்ட காற்றினால் இயங்கும் பிறேக்கினை உருவாக்கினார். அவருடைய முதல் அமைப்பிற் குறையொன்று இருந்தது. குழாய் உடைந்து காற்று வெளியேறினால் பிறேக்கு இயங்காது. 1872 அளவில் அவர் அத்தருக்கத்தைத் தலைகீழாக மாற்றினார். காற்று நிறைந்திருக்கும்வரை பிறேக்கு விலகி நிற்கும்; காற்று வெளியேறினால் அது தானே இறுகும். அதாவது பழுது நேரின் வண்டி நின்றுவிடும்.

இக்கோட்பாட்டின் பெறுமதியைப் பிரித்தானியா பெருந்துயரொன்றின் பின்னரே முழுமையாக ஏற்றது. 1889 யூன் மாதம் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அண்மையில், ஏற்றத்தில் நின்ற உல்லாசப் பயணப் புகையிரதமொன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதிலிருந்த வெற்றிடப் பிறேக்கு, இணைப்பு அறுந்ததும் தன் வலுவை இழக்கும் வகையைச் சேர்ந்தது. பின்பகுதிப் பெட்டிகள் இறக்கத்தில் உருண்டு, பின்னால் வந்த புகையிரதத்தோடு மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், பயணிகள் புகையிரதங்களில் பழுதுற்றாற் தானே இறுகும் பிறேக்கினைக் கட்டாயமாக்கிற்று. இலங்கைப் புகையிரதங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த வெற்றிடப் பிறேக்கும் இவ்வாறு தானே இறுகும் வகையினதே.

மோட்டார் வண்டி வேறொரு வழியிற் சென்றது. 1902 அளவில் இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி வந்தபோது அதன் பிறேக்கு வெறும் நெம்புகளாலும் கம்பிகளாலும் இயங்கியது. 1917 இல் மல்கம் லொக்ஹீட் நீர்மத்தின் அழுத்தத்தால் இயங்கும் பிறேக்குக்கு உரிமம் பெற்றார். 1921 இல் டூசன்பேர்க் நிறுவனத்தார் நான்கு சக்கரங்களுக்கும் அதனைப் பொருத்தி வண்டிகளை விற்றனர். 1927 அளவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அல்பேர் தெவாந்தர் அமைத்த வெற்றிடத் துணைக்கருவி பரவத் தொடங்கிற்று. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் உள்வாய்க் குழாயில் உண்டாகும் குறையழுத்தத்தைக் கொண்டு சாரதியின் கால்வலுவைப் பெருக்கும் கருவி அது. வலுவூட்டிய பிறேக்கு எனப்படுவது இதுவேயாகும்.

புகையிரதத்திலும் மோட்டார் வண்டியிலும் பயன்பட்டது ஒரே வெற்றிடமாயினும் இரண்டின் தருக்கமும் எதிரெதிரானவை என்பது நோக்கற்பாலது. புகையிரதத்திலே வெற்றிடம் அழிந்தாற் பிறேக்கு இறுகும். மோட்டார் வண்டியிலே வெற்றிடம் அழிந்தால் உதவி மட்டும் விலகிவிடும். மிதி கல்லாய் இறுகும், வண்டியோ ஓடிக்கொண்டேயிருக்கும். முன்னையது தன் பழுதைத் தானே அறிவிக்கின்றது. பின்னையது பழுதை மறைத்து வைத்து, நிறுத்தவேண்டிய கணத்திலேதான் வெளிப்படுத்துகின்றது. சிறு வண்டிகளிற் பழுதறிதல் இத்துணை முக்கியத்துவம் பெற்றமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

ஆயினும் அக்காலப் பழுதுகள் புலன்களுக்கு முற்றாகத் தப்பவில்லை. எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை மிதித்து எஞ்சிய வெற்றிடத்தைத் தீர்த்து, மிதியைக் காலால் அழுத்தியவாறே எஞ்சினை முடுக்கினால், துணைக்கருவி நல்ல நிலையிலிருப்பின் மிதி சற்றே கீழிறங்கும், இறங்காவிடிற் பழுதுண்டு. குழாய் வெடித்திருந்தாற் சீறும் ஒலி கேட்கும். பேருந்துகளின் காற்றுப் பிறேக்கிலும் அழுத்தமானியின் முள்ளும் காற்றொலியும் சாரதிக்குத் துணைநின்றன. 1958 சனவரி 1 ஆம் நாள் பேருந்துச் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானதன் பின்னர், அதன் வேலைத்தலங்களிற் பயின்ற ஒரு தலைமுறை இவ்வறிவை நாடெங்கும் கொண்டுசென்றது. 1959 இல் நிறுவப்பெற்ற இலங்கை-ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிலையமும் இத்துறைக்கு ஆட்களைப் பயிற்றியது. தமிழ்நாட்டிலே சென்னையை அடுத்த பாடியில் 1962 இல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள் தோன்றியபின் பிறேக்கு உறுப்புகளின் உற்பத்தி தமிழ்த் தொழிலாளர் கைக்கு வந்தது.

மின்சாரம் புகுந்த வரலாறு

பிறேக்கிலே மின்சாரம் முதலில் எளிய ஏவலாளாகவே புகுந்தது. மிதியை அழுத்தினாற் பின்விளக்கை எரியச் செய்யும் ஆளியே அதன் தொடக்கம். 1978 இல் பொஷ் நிறுவனம், மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியிற் பொருத்திய மின்னணுப் பூட்டெதிர்ப்பு அமைப்போடு நிலை மாறியது. சக்கரம் ஒவ்வொன்றின் வேகத்தையும் உணரிகள் அளந்து கூற, கட்டுப்பாட்டுக் கணினி வால்வுகளை வினாடிக்குப் பலமுறை திறந்து மூடிச் சக்கரம் சறுக்காமற் காத்தது. 1986 இல் அதே நிறுவனம் வண்டியிலுள்ள கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் பொதுத் தடமொன்றை அறிவித்தது. அன்று முதல் பிறேக்குத் தனித்த ஓர் உறுப்பாக இல்லாது, வண்டியின் மின்சார நரம்புத் தொகுதியோடு பிணைக்கப்பட்டது.

அடுத்த மாற்றம் கலப்பு வலு வண்டிகளால் நேர்ந்தது. 1997 இல் யப்பானில் டொயோட்டா நிறுவனம் விற்பனைக்கு விட்ட பிரியஸ் வண்டியில், எஞ்சின் ஓட்டத்தின்போதே நின்றுவிடும். எஞ்சின் நின்றால் வெற்றிடமில்லை. வெற்றிடமில்லையேற் பழைய துணைக்கருவிக்கு வேலையில்லை. அன்றியும், வேகத்தைக் குறைக்கும்போது சக்கரத்தின் இயக்கத்தை மின்சாரமாக மீட்டெடுக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே மின்மோட்டாரால் இயங்கும் பம்பியொன்று நீர்மத்தை உயரழுத்தத்திற் சேமிகலமொன்றில் நிரப்ப, சாரதியின் மிதி எவ்வளவு இறங்கிற்று என்பதை உணரி அளந்து கூற, கணினி வேண்டிய அழுத்தத்தைச் சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகள் உருவாயின. 2010 இன் பின்னர் யப்பானிலே பாவிக்கப்பட்ட கலப்பு வலு வண்டிகள் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தன. நாலந்தாவிலே மாட்டு வண்டி சென்ற இறக்கத்தில் இன்று அவை செல்கின்றன.

இவ்வண்டிகளில் மின்சார உதவி தவறினாலும், மிதியிலிருந்து சக்கரத்துக்கு நீர்மவழி ஒன்று எஞ்சியிருக்கும். ஆயின் அப்போது மிதிப்பதற்குப் பன்மடங்கு வலு வேண்டும். வண்டி நிற்கும் தூரமும் நீளும். உதவி விலகுகின்றது, வண்டி ஓடுகின்றது என்ற 1927 ஆம் ஆண்டின் தருக்கமே இங்கும் தொடர்கின்றது. வேறுபாடு யாதெனில், முன்னர் சீறிக்காட்டிய பழுது இப்போது ஒலியின்றிக் கிடக்கின்றது என்பதே.

பழுது புலன்களை மட்டுமன்றி அளவுகருவிகளையும் கடந்து நிற்கலாம் என்பதற்கு 2010 பெப்ரவரியில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 437,000 கலப்பு வலு வண்டிகளைப் பிறேக்குத் திருத்தத்துக்காக மீள அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் வீதியிற் பிறேக்குக் கணநேரம் தளர்ந்ததாகச் சாரதிகள் முறையிட்டிருந்தனர். எந்தக் கம்பியும் அறவில்லை. எந்த உறுப்பும் தேயவில்லை. கணினிக்கு வகுத்த கட்டளையிலேயே குறை இருந்தது. அதனைத் திருத்தியதும் குறை நீங்கிற்று.

பழுதறியும் முறை

இத்தகைய அமைப்பிற் பழுது நேருமிடத்து எச்சரிக்கை விளக்கு எரியும். கணினியின் நினைவிலே குறியீடொன்று பதியும். வாசிப்புக் கருவியைப் பொருத்தினால் அக்குறியீடு தெரியும். இவ்விடத்திலேயே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. குறியீடு கூறும் உறுப்பே பழுதுற்றதெனக் கொண்டு, விலையுயர்ந்த பிறேக்குத் தொகுதி முழுவதையும் மாற்றிவிடுவது வழக்கமாகிவருகின்றது. அளவையியல் நோக்கிற் குறியீடென்பது உரையளவை போல்வது; அது கணினியின் கூற்று. கணினி தான் உணர்ந்ததைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறுவதில்லை. பம்பியின் மோட்டார் அளவுக்கு மிஞ்சி நெடுநேரம் ஓடுகின்றது என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். பம்பி தேய்ந்திருக்கலாம், சேமிகலம் கசியலாம், அழுத்த உணரி பொய்யுரைக்கலாம், மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் முழுமையாகச் சென்றடையாதிருக்கலாம். புகை ஒன்று, அதற்கு நெருப்புகள் நான்கு. நான்கையும் வேறுபடுத்தி அறிவதே கருதலின் பணி.

அப்பணி எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும். கலப்பு வலு வண்டியிலே ஓட்டத்துக்குரிய பெரிய பற்றறியை அன்றி, கணினிகளுக்கு மின்சாரம் வழங்கும் 12 வோல்ற்றுப் பற்றறி ஒன்றும் உண்டு. முழுதாக மின்னேற்றப்பட்ட அப்பற்றறி ஓய்வுநிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். அது நலிந்திருப்பின் பிறேக்கு உட்படப் பல தொகுதிகள் ஒருசேரப் பொய்க் குறியீடுகளைக் காட்டும். அதனைச் சோதியாது பிறேக்குத் தொகுதியைக் கழற்றுவது அடியைப் பாராது நுனியைத் தொடுவதாகும்.

அடுத்து உருகி. எரிந்துபோன உருகி குற்றவாளியன்று, அது சாட்சி. தன்னூடாக அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் சென்றதை அது கூறுகின்றது. அதனை எடுத்துவிட்டு மேலும் பெரிய உருகியை இடுவது சாட்சியை மௌனமாக்கும் செயல். கம்பி தீப்பற்றுதலே அதன் விளைவாகும்.

மூன்றாவதாக, மின்சுற்று வேலைசெய்யும்போதே அதனை அளத்தல் வேண்டும். இம்முறையின் உயிர்நாடி இதுவே. 1827 இல் ஜேர்மனிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதியின்படி, தடையொன்றின் குறுக்கே இழக்கப்படும் மின்னழுத்தம், அதனூடாகச் செல்லும் மின்னோட்டத்தையும் தடையின் அளவையும் பெருக்கி வருவதாகும். பம்பியின் மோட்டார் ஓடும்போது 30 அம்பியர் எடுக்கின்றது எனவும், அதன் ஏர்த் கம்பி வண்டியின் உடலோடு சேருமிடம் துருவேறி 0.1 ஓம் தடையைத் தருகின்றது எனவும் கொள்வோம். இழப்பு 3 வோல்ற்று. மோட்டாருக்குக் கிடைப்பது 12 க்குப் பதிலாக 9 வோல்ற்று. மோட்டார் மெலிந்து ஓடும். அழுத்தம் ஏற நெடுநேரம் ஆகும். கணினி பம்பியைக் குறைகூறும். மோட்டார் ஓடாதிருக்கையில் அதே இடத்தில் மானியை வைத்தால், மானியினூடாகச் செல்லும் மின்னோட்டம் மிகச் சொற்பமாதலால் இழப்பும் இல்லையெனத் தோன்றும். முழு 12 வோல்ற்றையும் மானி காட்டும். ஓய்விலிருக்கும் கம்பி தன் குறையை மறைக்கும். சுமை ஏற்றியபோதே அது வெளிப்படும். ஆதலால் மோட்டார் ஓடும்போது, மானியின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர்முனையிலும் மறுமுனையை மோட்டாரின் ஏர்த் முனையிலும் வைத்து அளத்தல் வேண்டும். அங்கு காணப்படும் வோல்ற்றே வழியில் இழக்கப்பட்டதாகும். நேர்முனைப் பக்கத்தையும் அவ்வாறே அளந்தாற் குறை எந்தப் பக்கத்தது என்பது துணியப்படும்.

நான்காவதாக, வந்து வந்து மறையும் பழுதுகள். வெப்பம், அதிர்வு, ஈரம் என்னும் மூன்றும் இவற்றின் தாய்மார். மலைநாட்டு மழையில் நனைந்து, வறண்ட சமவெளியின் வெயிலிற் காய்ந்து, மேடுபள்ளங்களிற் குலுங்கும் வண்டியிலே இணைப்பான்களின் ஊசிகள் துருவேறுவதும் தளர்வதும் இயல்பு. பழுது எந்நிலையில் தோன்றிற்று என்று சாரதியை வினவி, அந்நிலையை மீளத் தோற்றுவித்து, கம்பித்தொகுதியை மெல்ல அசைத்தவாறே மானியை நோக்குதல் வேண்டும். மருத்துவன் நோயாளியை வினவுவது போன்றதே இது.

ஈற்றில், பழுது மின்சாரத்தினதுதானா என்ற வினாவையும் மறத்தலாகாது. பிறேக்கு நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய நீர்மம் நெடிய இறக்கத்தின் சூட்டிற் கொதித்து ஆவியாகி, மிதியைத் தொய்யச் செய்யும். எந்தக் கணினியும் அதற்குப் பொறுப்பன்று. சேமிகலத்தில் உயரழுத்தம் தங்கியிருக்குமாதலாலும், சில வண்டிகளிற் கதவைத் திறந்ததுமே பம்பி இயங்குமாதலாலும், உற்பத்தியாளர் வகுத்த முறைப்படி அழுத்தத்தைத் தணிக்காது குழாய்களைக் கழற்றுவது கைக்கும் கண்ணுக்கும் தீங்காகும்.

அறிவு யாரிடம் உள்ளது?

மேற்கூறிய முறையில் அரிய கருவி எதுவும் இல்லை. ஓமின் விதி மாத்தளைக்குப் புகையிரதம் வருவதற்கு 53 ஆண்டுகள் முந்தியது. பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் மாணவர் யாவரும் அதனை அறிவர். எனின், துருவேறிய ஏர்த் கம்பிக்காகப் பிறேக்குத் தொகுதி முழுவதும் மாற்றப்படுவதும், மாற்றப் பணமில்லாதவர் எச்சரிக்கை விளக்கைத் துண்டித்துவிட்டு வண்டியோட்டுவதும் ஏன்? விளக்கைத் துண்டித்த வண்டி இறக்கத்தில் வரும்போது, அதன் எதிரே நடந்துவருபவர் எவ்வித எச்சரிக்கையும் பெறாதவராகின்றார்.

ஒரு காரணம் மொழி சார்ந்தது. 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் வழியாகத் தடை, உருகி, ஆளி, மின்னோட்டம் என்னும் சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றன. வேலைத்தலத்திலோ பியூஸ், சுவிச், ஏர்த், பற்றறி என்னும் சொற்களே வழங்குகின்றன. இரண்டும் ஒரே பொருள்களைக் குறிப்பன. ஆயின், தடையைக் கணிக்கத் தெரிந்த மாணவன் ஏர்த் கம்பியைக் கண்டதில்லை. ஏர்த் கம்பியை நாள்தோறும் தொடுபவருக்குத் தடையின் கணக்கு எட்டுவதில்லை. இவ்விருவருக்குமிடையே உள்ள வெளியிலேதான் பழுது ஒளிந்திருக்கின்றது. யப்பானிய மொழியில் எச்சரிக்கை காட்டும் வண்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கைந்நூலை வைத்துக்கொண்டு தமிழிற் சிந்திக்கும் தொழிலாளியின் இடர்ப்பாடு சிறிதன்று.

மாட்டு வண்டிக்காரன் தன் பிறேக்கை முழுமையாக அறிந்திருந்தான். இன்றைய சாரதி அவ்வாறு அறிதல் இயலாது. அவர் பிறருடைய அறிவை நம்பியே மலையிலிருந்து இறங்குகின்றார். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையவர்களை உருவாக்கும் பொறுப்பு தொழிற்பயிற்சி நிலையங்களை மட்டும் சார்ந்ததன்று. அளவையை மணிமேகலையிலே பயிலும் மாணவரும், மின்னியலை ஆய்கூடத்திலே பயிலும் மாணவரும், அவ்வறிவை வேலைத்தலத்தின் சொல்லோடு இணைத்துத் தெளிந்த தமிழில் எழுத முற்படுவராயின், காண்டலுக்கு எட்டாது போன பழுது கருதலுக்கு எட்டும். புகையிரதத் துறை 1889 இல் 80 உயிர்களைக் கொடுத்தே பாடம் கற்றது. அத்தகைய விலை கொடாது கற்பதற்கு வேண்டிய அறிவு யாவும் இன்று கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளது.